அறுநூறில் விழுந்த பூட்டு

கெல்தூமுக்கு முதலில் பொறாமை வந்தது அந்த லென்ஸ்மீதுதான். பாஹிஜா அதற்கப்புறம்தான் வந்தாள்.

மொராக்கோவில், மெக்னெஸ் நகரக் கடைவீதியில் சி அல்லாலின் கேமராக் கடை. மேஜைமேல் இரண்டு ஜூம் லென்ஸ்களை வைத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளில் ஒன்றை மட்டும் தத்துக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார் அவர். ஒன்று சின்னது, கைக்கு அடக்கமானது. கெல்தூமும் கணவன் மிலூத்தும் இத்தனை நாள் வாடகைக்கு எடுத்துப் பழகியதும் அந்த வகைதான். இன்னொன்று அடுப்புக் குழாய் பருமனில், ஏறக்குறைய மூன்று கிலோ.

"தூக்கிப் பாரு, தங்கச்சி" என்றார்.

தூக்கினாள். "யா லத்தீஃப்! பொறந்த புள்ள கனம் இருக்கே!"

"புள்ளன்னா அழும். இது அழாது. அறுபதுலேர்ந்து அறுநூறு வரைக்கும் போகும். கல்யாண வீடு, கால்பந்து, நாரைக் கூடு, எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்."

கெல்தூமின் கை சின்ன லென்ஸின் பக்கமே போனது. "மிலூத், இதையே வாங்கிடலாம். சுமக்கறது நான்தானே?"

அது உண்மைதான். ஆறு வருடத் திருமண வாழ்க்கையில் அவர்கள் அப்படித்தான் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். கனத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை நடுங்கும். நடுங்குகிற கையால் தூரத்து முகத்தைப் பிடிக்க முடியாது. அதனால் படம் எடுக்கிற நிமிடம்வரை அவள் சுமப்பாள், அவன் வெறுங்கையோடு நடப்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "சி மிலூத், கழுதை வாங்க வக்கில்லையா?" என்று ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் மாமா கேட்டார். "கழுதை லென்ஸைத் துடைக்காது மாமா" என்று கெல்தூமே பதில் சொன்னாள்.

மிலூத் பெரிய லென்ஸைக் கேமராவில் மாட்டி, கடை வாசலிலிருந்து தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தபூரிதா குதிரை ஓட்டத்துக்கு இதுதான் சரி. குதிரைங்க தூரத்துல கிளம்பறப்போ தலைவியோட முகம் வேணும். பக்கத்துல வந்து துப்பாக்கி வெடிக்கறப்போ வரிசை மொத்தமும் வேணும். நடுவுல இருக்கறது பத்தே செகண்டு. அந்தத் தூசியில லென்ஸ் மாத்திக்கிட்டா இருக்க முடியும்?"

"தலைவியா? தலைவன்னுதானே சொல்லுவ?"

"பாஹிஜாவோட அணி கூப்பிட்டிருக்கு. பொம்பளைங்க அணி. சொன்னேனே?"

சொல்லவில்லை. கெல்தூமுக்கு அது நன்றாகத் தெரியும். "அறுநூறு எதுக்கு? யாரு மூஞ்சிய அவ்வளவு கிட்டத்துல பாக்கணும் உனக்கு?" என்றாள்.

அவன் காதில் அது விழவேயில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணை அந்தக் குழாய்க்குள் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி நின்றான். நிச்சயதார்த்தத்தன்று அவளைப் பார்த்தபோதுகூட இப்படி வாயைத் திறந்ததில்லை.

பையில் வைக்கும்போது சி அல்லால் ஒரு சின்ன விசையைத் தொட்டுக் காட்டினார். "தொங்கவிட்டுக்கிட்டு நடந்தா கனத்துல குழாய் சரிஞ்சு நீளும், தங்கச்சி. தூசி உள்ள போயிடும். இந்தப் பூட்டைப் போட்டுக்கோ. உங்க பழைய லென்ஸ்ல குழாய் முழுக்க உள்ள இருந்தாத்தான் பூட்டு விழும். இதுல எந்த எண்ணுல வேணும்னாலும் விழும்."

"சரி சரி" என்றாள். அன்று அவள் மனம் பூட்டில் இல்லை. வீட்டுக்குப் போனதும் மிலூத் அவளுடைய கம்பளிச் சால்வையை எடுத்து லென்ஸைச் சுற்றி, கட்டிலில் அவள் பக்கமாகப் படுக்கவைத்தான்.

அடுத்த வாரம் திருவிழாத் திடலில் பாஹிஜாவை நேரில் பார்த்தபோது, லென்ஸ்மீது இருந்த பொறாமையெல்லாம் எவ்வளவு அற்பம் என்று கெல்தூமுக்குப் புரிந்தது. கறுப்புக் குதிரை. வெள்ளை அங்கி. இடுப்பில் வெள்ளி உறை போட்ட குத்துவாள். நாற்பதை நெருங்குகிறவள்தான், ஆனால் சேணத்தில் உட்கார்ந்திருந்த தோரணையில் வயதே தெரியவில்லை. கெல்தூம் தன் தூசி படிந்த ஜெல்லாபா அங்கியையும், தோல்பட்டை அழுத்திச் சிவந்திருந்த தோளையும் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு படம் போதும், மிலூத்" என்றாள் பாஹிஜா. 'சி' என்ற மரியாதைகூட இல்லை, வெறும் மிலூத். "பதினொரு துப்பாக்கி, ஒரே புகை. அடுத்த வருஷம் பெரிய போட்டிக்கு எங்க அணிய அனுப்பலாமான்னு அந்தப் படத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. ஒருத்தி விட்டுப்போனாலும் அது எங்க படம் இல்ல."

"இன்ஷா அல்லாஹ், லல்லா பாஹிஜா."

பிறகு அவள் குதிரைமேலிருந்தே குனிந்தாள். அவள் கழுத்துச் சங்கிலி மிலூத்தின் காதில் இடித்தது. அவன் காதோடு ஏதோ சொன்னாள். மிலூத் சிரிக்காமல் தலையை ஆட்டினான். அவள் அவன் தோளை ஒருமுறை தட்டிவிட்டுக் குதிரையைத் திருப்பினாள்.

"என்ன சொன்னா?" என்றாள் கெல்தூம்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா காதுல சொன்னா?"

"கெல்தூம், நேரமாச்சு. நட."

நடந்தாள். அவன் முன்னால் வெறுங்கையோடு போனான். அவள் பின்னால் மூன்று கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடாரங்களையும் ஸ்ஃபெஞ்ச் பலகாரம் பொரிக்கிற சட்டிகளையும் கட்டிப்போட்ட குதிரைகளையும் தாண்டிப் போனாள். லென்ஸ் அவள் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. என்ன சொல்லியிருப்பாள்? முன்பே பழக்கமா? பழக்கமில்லாதவள் அப்படித் தோளைத் தட்டுவாளா? ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி வந்தது, ஒவ்வொரு கேள்விக்கும் லென்ஸ் ஒரு இடி இடித்தது.

களத்தின் கோடியில், கயிற்றுக்கு அருகே மிலூத் இடம் பிடித்துவிட்டான். பதினொரு பெண்களும் வெறும் மரியாதை ஓட்டத்தை முடித்துவிட்டு, மறுகோடிக்குத் திரும்பி வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது வெடிக்கிற ஓட்டம்.

"கெல்தூம், கொடு, கொடு!"

கழற்றிக் கொடுத்தாள். அவன் தூக்கிக் கண்ணில் வைத்தான்.

பாஹிஜா கூவினாள். பதினொரு குதிரைகளும் ஒரே உடம்பாகப் பாய்ந்தன. தரை அதிர்வது கெல்தூமின் முட்டிவரை ஏறியது. பெண்கள் அங்கவடியில் எழுந்து நின்றார்கள். துப்பாக்கிகளைச் சுழற்றி நெஞ்சோடு அணைத்து, முன்னால் நீட்டினார்கள். மிலூத்தின் இடது கை லென்ஸின் வளையத்தைத் திருகுவதையும், மறுபடி திருகுவதையும் அவள் பார்த்தாள். அவன் தோள் ஒருமுறை துள்ளியது. பிறகு ஒரே சத்தம். பதினொரு துப்பாக்கிக்கும் ஒரே சத்தம், கதவை ஓங்கி அறைந்தாற்போல. கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

மிலூத் கேமராவை இறக்கினான். லென்ஸைப் பார்த்தான். அதன் பக்கவாட்டில் கட்டைவிரலால் எதையோ தள்ளினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

குதிரைகளை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். வியர்வையும் வெடிமருந்துக் கரியுமாக, பதினொரு பேரும் கேமராவின் சின்னத் திரையைச் சுற்றித் தலைகளை நுழைத்தார்கள். கெல்தூமும் எட்டிப் பார்த்தாள்.

முதல் படத்தில் பாஹிஜா. இரண்டாவதில் பாஹிஜா. பாஹிஜாவின் நெற்றி, பாஹிஜாவின் திறந்த வாய், பாஹிஜாவின் கன்னத்தில் ஒட்டிய ஒற்றை முடி. மொத்தம் பதினெட்டுப் படங்கள். பக்கத்துக் குதிரையின் காது நுனி இரண்டு படங்களில் இருந்தது. வேறு யாருமே இல்லை.

வரிசையில் மூத்தவளான ஹத்தா, பல் இல்லாத சிரிப்போடு எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பவள், தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நாங்கல்லாம் புகையா?"

பாஹிஜா கேமராவைச் சுடுகிற பாத்திரம் மாதிரி திருப்பிக் கொடுத்தாள். "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? காசு கொடுத்து என்னை மட்டும் எடுக்கச் சொன்னேன்னு நினைக்க மாட்டாங்களா? இவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"என் தப்புதான், லல்லா பாஹிஜா. என் கை பிசகிடுச்சு. நாளைக்கு இன்னொரு ஓட்டம் இருக்குல்ல..."

"நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றாள் ஹத்தா. பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாஹிஜா கடைசியாகப் போனாள், தனியாக.

தங்கள் கூடாரத்துக்கு வந்ததும் கெல்தூம் தேநீர் போட்டாள். சர்க்கரைக் கட்டியை உடைத்த உடைப்பில் கெட்டில் ஆடியது.

"கை பிசகிச்சா?"

"ம்."

"பதினெட்டு தடவையா?"

மிலூத் கோப்பையைத் தரையில் நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"பிசகுன்னா ஒரு தடவை பிசகும், மிலூத். பதினெட்டு தடவை பிசகுனா அதுக்குப் பேரு ஆசை. அறுநூறு எதுக்குன்னு கேட்டேன், நீ பதிலே சொல்லல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆறு வருஷமா உன் கூடவே நடக்கறேன். என்னை ஒரு தடவையாவது அப்படி எடுத்திருக்கியா? கன்னத்துல முடி ஒட்டினதுகூடத் தெரியற மாதிரி?"

"நீ எப்பவும் என் பின்னாடி இல்ல வர்ற..."

"சுமக்கறேன்! அதான் பின்னாடி வர்றேன்!"

அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். கோபப்படுவான், மறுப்பான், சத்தியம் செய்வான், எதையாவது. அவனோ, "நான் போய் லல்லா பாஹிஜாகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்றான். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது அவளுக்கு.

"போ. நல்லாப் போ. நான் கெமிஸெத்ல எங்கக்கா வீட்டுக்குப் போறேன். இப்பவே டாக்ஸி இருக்கும்."

அவன் போய்விட்டான். கெல்தூம் தன் துணிகளைப் பையில் திணித்தாள். பாதியில் அவள் கண் கேமராமேல் விழுந்தது. லென்ஸோடு பாய்மேல் அப்படியே கிடந்தது. எவள் முகத்தைப் பிடித்திருந்தால் என்ன, தூசியில் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. திட்டிக்கொண்டே துடைத்தாள். பட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த பைக்குப் போனாள். பை வாயைத் திறந்து உள்ளே வைத்தாள். வாய் மூடவில்லை. குழாய் நீண்டிருந்தது.

வளையத்தைத் திருகினாள். நகரவில்லை. இன்னும் பலமாகத் திருகினாள். இறுகிப் போயிருந்தது.

புரட்டிப் பார்த்தாள். பூட்டு விழுந்திருந்தது. அறுநூறில்.

யார் போட்டது? இப்போது துடைக்கும்போதுகூடக் குழாய் தாராளமாக நகர்ந்ததே. கூடாரத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. பூட்டைத் தள்ளித் திறந்தாள். மறுபடி பட்டையைப் பிடித்து, பாயிலிருந்து மூலைவரை மெதுவாக நடந்தாள், இந்தத் தடவை தன் கையையே பார்த்தபடி. குழாய் தன் கனத்தில் சரிந்து, நீண்டு, கோடிக்கு வந்து நின்றது. அவள் கட்டைவிரல், யாரையும் கேட்காமல், பழைய லென்ஸில் நாளெல்லாம் செய்த பழக்கத்தில், விசையைத் தள்ளியது. டிக்.

பழைய லென்ஸில், குழாய் நீண்டிருக்கும்போது இந்த டிக் ஒன்றும் செய்யாது.

கெல்தூம் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். களத்தில் அவன் கை வளையத்தைத் திருகியதும், மறுபடி திருகியதும், தோள் துள்ளியதும், கடைசியில் கட்டைவிரலால் எதையோ தள்ளியதும் வரிசையாக வந்தன. அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பதினொரு பெண்களுக்கு முன்னால் என் கை என்று சொல்லியிருக்கிறான்.

பெண்களின் கூடாரத்துக்கு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மிலூத் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. "டாக்ஸி போயிடுச்சா?" என்றான். அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அவர் கை இல்ல. என் கை" என்றாள். மூச்சு வாங்கியது. "பூட்டுப் போட்டது நான். பழக்கதோஷம். ஆனா முழுசா பழக்கதோஷமும் இல்ல. நீங்க அவர் காதுல என்னவோ சொன்னீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கையில என்ன இருக்குன்னே பாக்காம நடந்தேன்."

காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த ஹத்தா நிமிர்ந்தாள். "எதுக்கு இதைச் சொல்ற?"

"தெரியணும்ல?"

"எதுக்குத் தெரியணும்? எங்க வரிசையில ஒருத்தி துப்பாக்கி முந்தி வெடிச்சாலும் பிந்தி வெடிச்சாலும், யாருன்னு யாரும் கேக்க மாட்டோம், அவளும் சொல்ல மாட்டா. அணிக்குத் தப்பிடுச்சு, அவ்வளவுதான். பேரு சொன்னா மறுநாள் அவ கை நடுங்கும். அவ கை நடுங்குனா பதினொரு பேருக்கும் தப்பும்." வாசலைக் கையால் காட்டினாள். "உன் புருஷனுக்கு அது தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் தெரியல."

"நான்தான் சொல்லிட்டேனே" என்றாள் கெல்தூம், அழுகை முட்ட.

"சொன்ன. எங்க காதுல விழல. ஏய், யாருக்காவது விழுந்துச்சா?"

"என்னது? துப்பாக்கிச் சத்தத்துல காது அடைச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. சிரிப்பு கூடாரத்தைச் சுற்றி வந்தது.

பாஹிஜா மட்டும் சிரிக்கவில்லை. கெல்தூமை மேலும் கீழும் பார்த்தாள். "என்மேல பொறாமையா?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "அவ்வளவு நல்லாவா இருந்தேன் படத்துல?"

"நல்லாத்தான் இருந்தீங்க" என்றாள் கெல்தூம். அதைச் சொல்ல எடுத்த பிரயத்தனம் மூன்று கிலோவைத் தூக்குவதைவிட அதிகம்.

திரும்பி வரும் வழியில் மிலூத் ஒரு காகிதத்தில் சூடாக ஸ்ஃபெஞ்ச் வாங்கினான். இருவரும் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தார்கள்.

"ஏன் என்கிட்டயாவது சொல்லல?"

"சொன்னா நாளைக்கு உன் கை நடுங்கும். நடுங்கற கையில அவ்வளவு கனத்தை எப்படிக் குடுக்கறது?"

கெல்தூம் பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "அவ காதுல என்ன சொன்னா?" என்றாள்.

"அதை நான் சொல்ல முடியாது."

"மறுபடியுமா!"

"அவ சமாச்சாரம், கெல்தூம். உன் சமாச்சாரத்தை நான் சொன்னேனா?"

அவள் நின்றாள். அந்தப் பதினெட்டுப் படங்களையும் திடலில் அவளைவிடக் கூர்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. பொறாமைக்காரிக்கு எந்தக் கண்ணாடியும் தேவையில்லை. எல்லாப் படத்திலும் பாஹிஜாவின் கண்கள் எரிந்தன, கடைசிக்கு முந்தியதைத் தவிர. வெடித்த கணத்தில் எடுத்தது அது. அதில், மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி, கண்களை இறுக்கி மூடியிருந்தாள்.

"வெடிக்கறப்போ கண்ணை மூடிக்கறா" என்றாள் கெல்தூம். "தலைவியே மூடிக்கிட்டா மத்தவங்க என்ன நினைப்பாங்க? திறந்திருக்கற படமாப் பாத்து எடுத்துக் குடுன்னு கேட்டிருக்கா. அதானே?"

"நான் எதுவும் சொல்லல" என்றான் மிலூத். ஆனால் அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

அவள் வழியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இன்னொருத்தியின் ரகசியத்தை இவ்வளவு பத்திரமாகவா வைத்திருப்பது என்று ஒரு முள் மட்டும் உள்ளே குத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் தன் ரகசியமும் அதே வாய்க்குள்தான் பத்திரமாக இருந்தது என்பதை நினைத்ததும் முள்ளின் கூர் கொஞ்சம் மழுங்கியது.

மறுநாள் வேறு ஆள் யாரும் வரவில்லை, பெண்கள் மிலூத்தையே கூப்பிட்டார்கள். கெல்தூம் லென்ஸைத் தொங்கவிடாமல், பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கயிறுவரை நடந்தாள். பூட்டைத் திறந்தாள். வளையத்தைக் கோடியிலிருந்து கோடிவரை ஒருமுறை திருகிப் பார்த்தாள். பிறகுதான் அவன் கையில் கொடுத்தாள்.

பாஹிஜா கூவினாள். தரை அதிர்ந்தது. இந்தத் தடவை மிலூத்தின் இடது கை நீரில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது, அறுநூறிலிருந்து அறுபதுக்கு. ஒரே சத்தம். ஒரே புகை.

பெண்கள் ஓடிவந்தார்கள். திரையில் பதினொரு குதிரைகள், பதினொரு துப்பாக்கிகள், பதினொரு தீ நாக்குகள் ஒரே கோட்டில். ஹத்தா தன் பொக்கை வாயைக் கண்டுபிடித்து விரலால் தொட்டுக் கத்தினாள். "இதோ நான்! நான் புகை இல்ல!" ஒருத்தி கெல்தூமை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள்.

எல்லோரும் நகர்ந்த பிறகு கெல்தூம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் இருந்த பாஹிஜாவின் முகம்வரை. கண்கள் இறுக மூடியிருந்தன. இதைவிட நன்றாக வரிசை விழுந்த படம் வேறு இல்லை. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், கெல்தூமுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"கண்ணு?" முதுகுக்குப் பின்னால் தணிந்த குரல். பாஹிஜாதான். குதிரையிலிருந்து இறங்கி நின்றபோது அவள் கெல்தூமைவிடக் குள்ளம். மிலூத்திடம் கேட்க வந்தவள், கேமரா யார் கையில் இருக்கிறது என்று பார்த்து நின்றுவிட்டாள்.

மிலூத் மனைவியைப் பார்த்தான்.

கெல்தூம் படத்தை மறுபடி சின்னதாக்கினாள். பதினொரு பெண்களும் திரைக்குள் வந்தார்கள்.

"இது அறுபதுல எடுத்தது, லல்லா பாஹிஜா" என்றாள். "அறுபதுல யாரு கண்ணும் தெரியாது."

பாஹிஜா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, முந்தின நாள் மிலூத்தைத் தட்டியதைப் போலவே, கெல்தூமின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள். வலிக்கிற தோள்தான் அது. பரவாயில்லை என்றிருந்தது.

கெல்தூம் குழாயை முழுக்க உள்ளே தள்ளினாள். எண்ணைப் பார்த்தாள். அறுபது. பூட்டைப் போட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு, "நட" என்றாள் கணவனிடம். "இன்னிக்கு நீ பின்னாடி வா."